ஒஸ்லோக் கடலில் நான் ஒளித்த மீன்

உன் மனிசன் கொண்டுவந்த ஓரா மீனை நான் திருப்பி அனுப்பியதற்கு மூன்று நாளாய் இந்தப் பக்கம் முகம் காட்டவில்லை, ஸ்டெல்லா. நோர்வேக்குப் போய்வந்து பெருமை பிடித்துவிட்டது என்று குழாயடியில் சொன்னாயாம். வா, இப்படி இரு. பெருமை கொஞ்சம் உண்டுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் பனித்தேசத்தில் இருந்துவிட்டு வந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? ஆனால் ஓராவுக்கும் பெருமைக்கும் சம்பந்தமில்லை. அந்தோனியிடம் நேரே சொல்லாமல் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் மீனைக் கொடுத்து அனுப்பினேன் பார், அது மட்டும் என் பிழை. அதற்கும் வருகிறேன். முதலில் இதைக் கேள்.

ஒஸ்லோவில் புருசெத் என்ற இடத்தில் மகள் ஜெனியின் வீடு, ஐந்தாம் மாடியில். பனித்தேசம் என்றேன், ஆனால் நான் போன மாதங்களில் ஒரு துளி பனியும் விழவில்லை. வெயில்தான், அதுவும் இரவு பத்து மணிக்கும் போக மனமில்லாமல் நிற்கிற வெயில். அந்த மாடிக் கட்டடங்களில் அரைவாசி நம் ஆட்கள். படியில் ஏறும்போதே எந்த வீட்டில் என்ன கறி என்று எனக்குத் தெரிந்துவிடும். ஜெனி முதியோர் இல்லத்தில் வேலை. மருமகன் றொபேட்டை உனக்குத் தெரியும், நம் கரையூர்ப் பெடியன்தான். அங்கே பஸ் திருத்தும் பட்டறையில் பதினெட்டு வருஷமாய் வேலை. நல்ல பிள்ளை, வாய் மட்டும் இல்லை. தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் யோசித்துத்தான் ஓம் என்பான்.

அந்த றொபேட்டுக்கு ஒரு ஆசை. மான் வேட்டைக்குப் போக வேண்டுமாம். சாதாரண மான் இல்லை, எல்க் என்று ஒன்று. நம் காட்டு மரையைப் பெரிதென்பாய், இது அதைவிட உயரம், மூஞ்சி குதிரையைப் போல. முதல் கிழமையே நான் அவனைக் கேட்டேன், துவக்கு வெடிச் சத்தத்துக்குத்தானே ஊரை விட்டு ஓடினீர்கள், இங்கே வந்து அதையே தூக்கப் போகிறீர்களா என்று. அன்றுதான் அவன் என்னோடு நீளமாய்க் கதைத்தது.

"அப்பிடி இல்லை மாமி. இஞ்சை சோதினை எழுதிப் பாஸ் பண்ணினாத்தான் துவக்கு. அதையும் இரும்பு அலுமாரியில பூட்டி வைக்கவேணும். நான் பாஸ் பண்ணி ரெண்டு வருசம். ஆனா தனியப் போகேலாது, ஒரு வேட்டைக் கூட்டம் என்னைச் சேர்க்கவேணும். இலையுதிர் காலம் வந்தா வேலையில சாப்பாட்டு மேசையில எல்லாரும் வேட்டைக் கதைதான். பதினெட்டு வருசமா நான் பாணைக் கடிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

அந்தக் கடைசி வசனம் என் நெஞ்சில் போய் இருந்துகொண்டது.

அப்படி ஒரு கூட்டத்துக்குத் தலைவர் ஆர்னெ என்று ஒருவர். றொபேட்டின் பட்டறையில் மேலாளாய் இருந்து போன வருஷம் ஓய்வு எடுத்தவர். அவர் ஒரு சனிக்கிழமை தன் படகில் மீன்பிடிக்க வரச் சொல்லி எங்கள் குடும்பம் முழுவதையும் கூப்பிட்டார். கூட்டத்தில் ஒரு இடம் காலியாம். ஆளைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று ஜெனி சொன்னாள். "மீனை எப்பிடிப் பிடிக்கிறார் எண்டு பார்த்துத்தான் மானுக்குக் கூட்டிக்கொண்டு போவினம் அம்மா. நீங்கள் கொஞ்சம் அடக்கமா இருங்கோ." நாற்பது வருஷம் மீன் விற்றவளிடம் சொல்லும் கதையா இது?

சனிக்கிழமை காலை காரில் போய் ட்வெய்ட்டாவில் ஆர்னெயை ஏற்றினோம். கட்டடங்கள் எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் இவர் வீட்டு பல்கனியில் மான் கொம்பு ஒன்று மாட்டியிருந்தது, கீழ்த்தட்டில், சிவப்புக் கதவுக்குப் பக்கத்தில். எழுத்துத் தெரியாதவள் இப்படித்தான் வீடுகளை ஞாபகம் வைப்பாள், அது பிறகு உதவியது. ஆள் நெட்டை, என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். என் சேலையையும், அதற்குக் கீழே ஜெனி போட்டுவிட்ட றப்பர் சப்பாத்தையும் பார்த்துவிட்டுக் கை தந்தார்.

படகில் கால் வைக்க முன்னமே மிதவைச் சட்டை. பேத்தி நிலாவுக்குப் பத்து வயது, அவள் தானாகப் போட்டுக்கொண்டாள். எனக்கு ஆர்னெயே பூட்டிவிட்டார். சேலைக்கு மேலே செம்மஞ்சள் சட்டை போட்டு ஒரு மாரியம்மன் மாதிரி நடுவில் இருந்தேன். நம் ஊரில் எத்தனை பேர் இந்தச் சட்டை இல்லாமல் போய்த் திரும்பி வரவில்லை, ஸ்டெல்லா, நீயே எண்ணிப் பார்.

பிறகு சாமான்கள். தூண்டில் தடியில் சுற்றுகிற சில்லு, ஒரே நூலில் ஐந்து கொளுக்கி, கொளுக்கி தோறும் ஒரு சிறகு. ஒரு சின்ன உருட்டுக் கட்டை. இன்னொன்று ஒரு முழம் நீளமான தட்டைக் கோல், அதில் கத்தியால் வெட்டிய அடையாளங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வெட்டு. மீனைக் கோலோடு கிடத்திப் பார்த்து, வெட்டுக்குக் குறைந்தால் திரும்பக் கடலுக்கு. அதில் எழுத்து ஒன்றும் இல்லை, விரலால் தடவினாலே விளங்கும். இது எனக்கு மெத்தப் பிடித்துக்கொண்டது.

கட்டை எதற்கென்று முதல் மீன் ஏறியபோது தெரிந்தது. நம் கும்பளா மாதிரி, முதுகில் வரி வரியாய், அவர்கள் மக்ரெல் என்கிறார்கள். ஆர்னெ அதைக் கையில் எடுத்து, தலையில் ஒரு அடி, செவுளில் ஒரு வெட்டு, வாளித் தண்ணீரில் இரத்தம் வடிய விட்டார். ஒரு மூச்சுக்குள் முடிந்தது. பிறகுதான் அடுத்த மீன். துடிக்க விடக்கூடாதாம், எடுக்கிற உயிருக்கு நாங்கள்தான் பொறுப்பாம், ஜெனி சொன்னாள். நாற்பது வருஷத்தில் நான் ஒரு மீனையும் கொன்றதில்லை, ஸ்டெல்லா. கூடையில் கொட்டுவோம், அவை தாமாகச் செத்துவிடும். அப்படித்தானே நினைத்துக்கொண்டு இருந்தோம்?

எனக்கும் ஒரு தடி தந்தார். சில்லு எனக்குச் சரிவராது என்று நூலை மட்டும் வாங்கி விரலில் சுற்றிக்கொண்டேன். இரண்டு முறை மக்ரெல் ஏற்றினேன், மூன்று மூன்றாய். ஆர்னெ தன் தடியை வைத்துவிட்டு என் விரலையே பார்த்தார். பதினொரு மணிக்குச் சாப்பாடு. அவர் கடதாசியில் சுற்றிய பாண் துண்டு எடுத்தார், மேலே மண்ணிறப் பாற்கட்டி. எனக்கும் ஒன்று தந்தார், தீய்ந்த சீனிப்பாகில் உப்புப் போட்ட மாதிரி இருந்தது. பதிலுக்கு நான் இடியப்பமும் சம்பலும் கொடுத்தேன். சம்பலைத் தின்று கண் கலங்கினார், பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உங்களுக்கு ஒடியல் கூழ் காய்ச்சித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பனங்கிழங்கு காயவைத்து நானே இடித்த ஒடியல் மா சூட்கேசிலேயே கொண்டுபோயிருந்தேன் அல்லவா.

வினை அங்கேதான் தொடங்கியது. கூழுக்கு வெள்ளைச் சதை மீன் வேண்டும், மக்ரெல் போட்டால் எண்ணெய் நாறும். அந்த நேரம் பார்த்து என் நூலில் கனமாய் ஒன்று இழுத்தது. விரலிலேயே தெரிந்துவிட்டது, இது வேறு சாதி. ஏற்றினால் பெரிய தலை, புள்ளி உடம்பு, தாடையில் ஒற்றை மயிர்த் தாடி. சதையைப் பார்த்தாலே கூழுக்கென்று பிறந்த மீன். ஆர்னெ உடனே வேண்டாம் என்று தலையாட்டினார். "அம்மா, இது தோஷ்க். இந்தக் கடல்ல குறைஞ்சுபோச்சு, பிடிக்கக்கூடாது. கையை நனைச்சுப்போட்டுப் பிடிச்சு விடுங்கோ" என்றாள் ஜெனி. காய்ந்த கை பட்டால் அதன் மேல்தோல் பழுதாகுமாம். நனைத்தேன், விட்டேன். மனம் இல்லாமல்தான் விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு தோஷ்க். எல்லாரும் மற்றப் பக்கத்தில் மக்ரெல் கழற்றிக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு பெரிய கடல், ஒரு மீன், யாருக்குக் குறையப் போகிறது? தெரியாமல் செய்தேன் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் கொளுக்கியைக் கழற்றி, இடியப்பப் பெட்டி கொண்டுபோன சீலைப் பைக்குள் மீனை விட்டு முடிச்சுப் போட்டுக் காலுக்குக் கீழே வைத்தேன்.

மீன் ஏறுவது நின்றதும் ஆர்னெ கோப்பி ஊற்றிக்கொண்டு றொபேட்டுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். வேட்டைக் கதை தொடங்கியது. ஜெனி என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள், காலியான இடத்தைப் பற்றித்தான் கதைக்கிறார் என்று. றொபேட்டின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கலியாண நாளிலும் அவன் அப்படி இருக்கவில்லை. அந்த நேரம் நிலா சொன்னாள்:

"அம்மம்மா, உங்கட பை மூச்சு விடுது."

தமிழில்தான் சொன்னாள். ஆனால் எல்லார் கண்ணும் பைக்குப் போனது. பை ஒருமுறை எழும்பி விழுந்தது. ஆர்னெ கோப்பியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டார், யாருடையது என்று. நான் வாயைத் திறக்க முன்னம் றொபேட் பதில் சொல்லிவிட்டான். என்ன சொன்னான் என்று ஜெனியைப் பார்த்தேன். "தன்ர பை எண்டு சொல்லுறார் அம்மா."

ஆர்னெ சத்தம் போடவில்லை. பையை அவிழ்த்தார், கையை நனைத்தார், மீனைப் படகோரத்தில் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். ஒரு செபமாலையின் பாதி சொல்லி முடிக்கிற நேரம் அப்படியே குனிந்து நின்றார். கடைசியில் வால் ஒருமுறை ஆடியது, கீழே போனது. உயிரோடு நீந்திப் போனதா, சும்மா தாழ்ந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கூட்டத்தைப் பற்றி அவர் பிறகு ஒரு சொல்லும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டுக்குப் போனோம். அங்கே காடு மாடிக் கட்டடம் முடிகிற இடத்திலேயே தொடங்கிவிடும், பயமில்லை, பாம்பும் குறைவு. குடும்பம் குடும்பமாய்ச் சனம், நெருப்பு மூட்டி இறைச்சிக் குழல் சுட்டுத் தின்கிறார்கள், எழும்பும்போது ஒரு கடதாசித் துண்டும் விடாமல் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். நிலாவும் நானும் ஒரு பேணி நிறைய நீலப்பழம் பிடுங்கினோம். றொபேட் எனக்கு இருக்கப் பாய் விரித்தான், தேத்தண்ணீர் ஊற்றித் தந்தான். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கோபமாய் இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"அவருக்கு அந்த இடம் போச்சு அம்மா" என்றாள் ஜெனி. "நீங்கள்தான் எண்டு இனிப் போய்ச் சொல்லவும் மாட்டார். உங்களைக் குறைச்சுக் காட்ட அவருக்கு விருப்பமில்லை." ஆர்னெக்கு டெலிபோன் எடுத்து நீ சொல்லு என்றேன். அவள் மாட்டேன் என்றாள், புருஷனைப் பொய்யனாக்க மாட்டாளாம். சரி, நான்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை ஜெனியோடு குறொன்லாண்ட் போனேன். அங்கே நம் கடைகளில் பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் கிடைக்கும். முருங்கை இலைக்கு மட்டும் பசளிக் கீரை போட்டுச் சமாளித்தேன். மீன் கடையில் செய் என்ற மீனைக் காட்டினார்கள், பிடிக்கத் தடையில்லாதது. நான் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினேன், கடைக்காரன் தொட வேண்டாம் என்றான். கண்ணைப் பார்த்தே எடுத்தேன், பிழை போகவில்லை. கூழுக்கு இரண்டு நண்டும் வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் போன பிறகு கூழைக் காய்ச்சிப் பெரிய பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு தனியே வெளிக்கிட்டேன். ட்வெய்ட்டா புருசெத்திலிருந்து ரயிலில் நாலாவது தரிப்பு என்று நிலாவிடம் முதல்நாளே கேட்டு வைத்திருந்தேன். எழுத்து வேண்டாம், எண்ணினால் போதும். ஏறினேன். ஒரு தரிப்பு வந்தது, எல்லாரும் இறங்கிவிட்டார்கள், விளக்கும் அணைந்தது. திசை மாறி ஏறிவிட்டேன், ஸ்டெல்லா, அது கடைசித் தரிப்பு. பரவாயில்லை என்று திரும்பி வருகிற ரயிலில் ஏறி நாலு எண்ணி இறங்கினேன். மேலே வந்து பார்த்தால் ட்வெய்ட்டாவில் கண்ட கடைத்தொகுதியைக் காணோம். புருசெத்திலிருந்து எண்ண வேண்டியதைக் கடைசித் தரிப்பிலிருந்து எண்ணியிருக்கிறேன்.

பிளாஸ்கோடு நின்று விழித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி நின்றான், முதுகில் கணினிப் பை. "அம்மா, தமிழா? எங்க போகணும்?" என்றான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, பெயர் கார்த்திக். மான் கொம்பு வீடு என்றேன். சிரித்தான், ஆனால் கூடவே வந்தான், ஒரு தரிப்புத்தானாம். வழியில் முழுக் கதையையும் சொன்னேன். இஞ்சை, அங்கை, எண்டு என்று நான் சொல்லச் சொல்ல, "மெதுவா சொல்லுங்கம்மா, பாதிதான் புரியுது" என்றான். எனக்கும் அவன் தமிழ் பாதிதான். ஆனால் அவனுக்கு இங்கிலீஷ் தெரியும், ஆர்னெக்கும் தெரியும் என்றதும் ஆளை விடவில்லை. "உள்ள வந்து சொல்லித் தாங்கோ தம்பி. கூழும் குடிக்கலாம்." பிளாஸ்கை முகர்ந்தவன் இரண்டடி தள்ளி நடந்தான். "நான் சைவம்மா. மொழிபெயர்த்துட்டு ஓடிடுறேன்."

கொம்பைக் கண்டுபிடித்தேன். ஆர்னெ கதவைத் திறந்து என்னையும் பார்த்தார், கார்த்திக்கையும் பார்த்தார், குசினிக்குள் விட்டார். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"பை என்ர. மீனை ஒளிச்சதும் நான்தான். வேண்டாம் எண்டு நீங்கள் சொன்னது விளங்கித்தான் ஒளிச்சனான். மருமகனுக்கு அது தெரியாது. நான் வெட்கப்படக்கூடாது எண்டு தன்ர தலையில போட்டுக்கொண்டவர்."

கார்த்திக் சொல்லி முடித்தான். பிறகு ஆர்னெ கதைத்தார். அவர் கதைத்தது எனக்குக் கோயம்புத்தூர்த் தமிழில் வந்தது.

"உங்க பைதான்னு அவருக்கு அப்பவே தெரியுமாம் அம்மா. மீனை விடச் சொன்னப்போ உங்க முகத்தைப் பார்த்தாராம். அது பெரிய விஷயம் இல்லையாம். ஆனா காட்டுல யாரு சுட்டது, எங்க நின்னு சுட்டாங்கன்னு சுட்டவங்கதான் சொல்லணுமாம். வேற ஒருத்தர் 'நான்தான்'னு சொன்னா, நாயைத் தப்பான இடத்துல விட்டுத் தேடுவாங்க. அடிபட்ட மான் இன்னொரு பக்கம் கிடந்து துடிக்கும். அதனால உங்க மருமகன் சொன்ன பொய்தான் இவருக்கு உறுத்துதாம்."

நல்லதுக்குச் சொன்ன பொய்தானே என்று கேட்டேன்.

"அது புரியுதாம். இருந்தாலும் நீங்க வந்து சொன்னது பத்தாதாம். அவரே வரணுமாம்."

எனக்கு முதலில் சுள்ளென்று வந்தது. இவ்வளவு தூரம் எண்ணி எண்ணி வந்திருக்கிறேன், இன்னும் என்ன? ஆனால் நாய், மான் என்று அவர் சொன்னதை யோசித்தால் பிழை பிடிக்க முடியவில்லை. படகில் பை எழும்பி விழுந்தது மனதில் வந்தது. சரி, அனுப்புகிறேன் என்றேன். பிறகு கூழை ஊற்றினேன். முதலில் என்ன மீன் என்று கேட்டார், செய் என்றதும் சிரித்தார். ஓலைப் பிளாவுக்கு எங்கே போவது, கோப்பிக் கோப்பையில்தான். நண்டுக் காலைக் கடித்து, இருமி, மூக்கைத் துடைத்து மூன்று கோப்பை குடித்தார். கார்த்திக் வாசற்படிக்குக் கிட்ட நின்று கறுப்புக் கோப்பி குடித்தான், பாவம், அவனே என்னைப் புருசெத் மட்டும் கொண்டுவந்து விட்டான்.

பின்னேரம் றொபேட் வந்ததும் சொன்னேன். மூன்று நாளுக்குப் பிறகு அவன் வாய் திறந்தான். "உங்களை ஆர் மாமி போகச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. இப்ப நீங்கள் போங்கோ. நான் செய்த பிழைக்கு நான் போனனான். நீங்கள் சொன்ன பொய்க்கு நீங்கள்தான் போகவேணும்."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினான். கோபத்தில் போகிறானா, அங்கேதான் போகிறானா என்று தெரியாமல் ஜெனியும் நானும் யன்னலடியில் நின்றோம். கார் ட்வெய்ட்டாப் பக்கம் திரும்பியது. நல்ல நேரம் கழித்து வந்தான், கையில் அந்தத் தட்டைக் கோல். "இந்த வருசம் துவக்கில்லாமல் வரட்டாம். நாயைப் பிடிச்சுக்கொண்டு நடக்கவேணுமாம். அடுத்த வருசம் பார்ப்பமாம்." சொல்லிவிட்டு ஆறின சோற்றை இரண்டாம்முறை போட்டுச் சாப்பிட்டான். "இது உங்களுக்காம்" என்று கோலை என் மடியில் வைத்தான்.

போன கிழமை ஜெனி டெலிபோனில் கதைத்தாள். வேட்டைக்குப் போய் வந்துவிட்டானாம். மற்றவன் சுட்ட மான் ஓடிப்போக, ஒரு இலையில் இருந்த இரத்தத் துளியை முதலில் கண்டது றொபேட்தானாம். இப்போது வேலையில் சாப்பாட்டு மேசையில் அவனை நிப்பாட்டத்தான் ஆள் வேண்டுமாம்.

கோலின் ஒரு பக்கம் ஆர்னெயின் வெட்டு. மறுபக்கம் வெறுமையாய் இருந்தது, ஊருக்கு வரமுன்னம் றொபேட்டைக் கொண்டு அதில் நான் வெட்டுவித்தேன், ஓராவுக்கு ஒன்று, விளைமீனுக்கு ஒன்று, பாரைக்கு ஒன்று. எந்த அளவில் முட்டை வைக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டாம், நாற்பது வருஷம் வயிறு பிளந்து பார்த்த கை. அந்தோனி கொண்டுவந்த ஓரா வெட்டில் பாதிக்கும் வரவில்லை, ஸ்டெல்லா. அதுதான் காரணம்.

அது உன் மனிசனின் சைக்கிள் மணிதானே? எழும்பு, நான் பலகையையும் கத்தியையும் கழுவ வேண்டும். அந்தக் கோலை எடுத்துத் தா, கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இன்றைக்கும் சின்ன மீன் என்றால் பிள்ளையை அனுப்ப மாட்டேன், நானே வாசல் படலைக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.